பழைய அவுட்போர்டு எஞ்சினில் கியரும் ஆக்சிலரேட்டரும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லையா? கைப்பிடியிலிருந்து கீழே வாருங்கள்

போன ஆடி மாதம் பவானிசாகர் அணையில் மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டு திரும்பிய, பின்பலகையில் அவுட்போர்டு எஞ்சின் மாட்டிய எங்கள் ஃபைபர் படகு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கரைக் கல்லில் ஏறியது. நெம்புகோலை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன், படகு நிற்கவில்லை. ரிவர்ஸுக்குத் தள்ளினேன். ரிவர்ஸ் பிடிக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தள்ளினேன். எங்களுடையது ஒற்றை நெம்புகோல். கியரைக் கடந்து தள்ளினால் அதுவே ஆக்சிலரேட்டரையும் திறந்துவிடும். தண்ணீருக்குள் கியரோ இன்னமும் முன்பக்க ஓட்டத்திலேயே இருந்தது. படகு வேகமெடுத்து முன்னால் பாய்ந்தது. மூக்கில் கையகலத்துக்கு விரிசல், மச்சானின் முழங்காலில் நான்கு தையல், கட்லாவும் ரோகுவும் கரையெல்லாம்.

பழுது பார்க்க வந்தவர் எடுத்த எடுப்பில் அடியிலுள்ள கியர் பெட்டியை இறக்கினார். புதுக் கியர், கியரைக் கவ்வும் ‘டாக்’ என்ற துண்டு புதிது என்று உதிரிப் பாகங்களுக்கு மட்டும் 11,400 ரூபாய், கூலி 3,000. இரண்டு வாரத்தில் பழைய குறை அப்படியே திரும்பி வந்தது. கடைசியில் கோளாறு இருந்த இடம் எஞ்சின் மூடிக்குள், கேபிள் முனையில் இருந்த சுண்டுவிரல் நகம் அளவு நைலான் புஷ்ஷும் (பின் நுழையும் வளையம்), கேபிளின் வெளியுறையைப் பிடித்து நிறுத்தும் கவ்வியும். அதைச் சரிசெய்ய, புதுக் கேபிளும் சேர்த்து, ஆனது மொத்தம் 4,130 ரூபாய்.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தரத் தெருவுக்கு ஒருவர் இருப்பார். நம் பக்கம், சத்தியமங்கலத்திலோ மேட்டூரிலோ அமராவதி அணைப் பக்கமோ, பரிசல் பின்னத் தெரிந்தவர் கிடைப்பார். அவுட்போர்டு எஞ்சின் அறிந்தவர் எளிதில் கிடைக்கமாட்டார். ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்களே கை வையுங்கள். 8 முதல் 40 குதிரைத்திறன் வரையுள்ள, கேபிளால் இயங்கும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் நம்பரை எடுங்கள்

கடைக்குப் போய் "15 எச்பி எஞ்சின், பழையது, கேபிள் வேண்டும்" என்றால் எதையோ ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். ஒரே குதிரைத்திறனில் ஒரே நிறுவனம் பல மாடல்களை விற்றிருக்கும். படகின் பின்பலகையில் எஞ்சினை மாட்டும் கவ்வியின் பக்கவாட்டில் ஒரு சிறிய தகடு இருக்கும். மாடல் குறியீடும் வரிசை எண்ணும் அதில்தான். உப்புக்காற்றில் எழுத்து மழுங்கியிருந்தால் மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. பிறகு அதை ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் குட்டைக் காலா நெட்டைக் காலா என்பதையும் அளந்து குறியுங்கள். பின்பலகை உயரம் சுமார் 15 அங்குலம் என்றால் குட்டை, 20 அங்குலம் என்றால் நெட்டை. கியரை மாற்றும் நீண்ட கம்பி இந்தக் காலுக்குள்தான் இறங்குகிறது. அளவு தவறினால் வாங்கிய கம்பி வீண். கேரளப் பக்கமிருந்து வந்த எஞ்சின் என்றால் மண்ணெண்ணெய் மாடலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் கார்புரேட்டர் பாகங்கள் வேறு.

பழையதை வாங்கியிருந்தால் விற்றவரிடமிருந்து எஞ்சின் எண் எழுதிய விற்பனைக் கடிதமும், கிடைத்தால் முதல் பில்லின் நகலும் வேண்டும். கடற்கரையில் மீனவர்களுக்கு மானியத்தில் கொடுத்த எஞ்சின்கள் உண்டு. மலிவாக வருகிறதே என்று அப்படி ஒன்றை வாங்கிப் பின்னால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் எஞ்சின் பூட்டிய கலத்துக்குப் பதிவும் ஆய்வுச் சான்றும் கேட்கிறது. அணையில் இறக்க அணையைப் பராமரிக்கும் துறையின் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். இந்தக் காகிதங்களில் உள்ள எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

2. எந்த மாதம், எத்தனை நாள்

தண்ணீர் இறங்கிக் கிடக்கும் பங்குனி, சித்திரைதான் இந்த வேலைக்குத் தோதான காலம். பவானிசாகரில் நீர் மிகவும் வற்றும் ஆண்டுகளில் மூழ்கிக் கிடக்கும் டணாயக்கன் கோட்டைக் கற்களே வெளியே தெரியும். அந்த நேரத்தில் படகை ஓட்டினால் கல்லிலும் மரக்கட்டையிலும் விசிறி (புரொப்பெல்லர்) அடிபடும், ஓட்டாமல் இருப்பதே லாபம். ஆடிக் காற்றுக்கு முன் வேலை முடிந்திருக்க வேண்டும். அலையில் படகு ஆடும்போது கியர் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

சோதித்துக் கண்டுபிடிக்க அரை நாள். பாகம் வரவழைக்க, என் அனுபவத்தில், ஒன்பது நாள்: சென்னையிலிருந்து பார்சலில் வந்த முதல் கேபிள் நீளம் குறைவாக இருந்ததால் திருப்பி அனுப்பி மறுபடி வரவழைத்தேன். புஷ் கடைய ஒரு நாள். பூட்டிச் சரிசெய்ய ஒரு முழு நாள். இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

3. என்ன நோய் என்று முதலில் தெளிவாகுங்கள்

"கியர் சரியில்லை" என்பது காய்ச்சல் என்பதைப் போல; எதுவாகவும் இருக்கலாம். எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

நெம்புகோல் இரும்புபோல் இறுகியிருந்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது எஞ்சின் பக்கத்துத் திருகுமுனைகளில் துரு. நெம்புகோல் வெண்ணெய்போல் நகர்ந்தும் கியர் பாதியில் நின்றால் எங்கோ ஆட்டம். கியர் போடும்போது மட்டும் கடகடவென்று பல் கடித்தால் ஒன்று ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் திறக்காதபோது ஓடும்) வேகம் அதிகம், இல்லையென்றால் போடுபவர் மெதுவாகத் தடவித் தடவிப் போடுகிறார். பலர் செய்யும் தவறு இது. முன் கியரையும் பின் கியரையும் மாறி மாறிக் கவ்வும் டாக் என்ற துண்டுக்குச் சதுர முனைகள் உண்டு. மெல்லப் போட்டால் அந்த முனைகள் ஒன்றையொன்று உரசி உருண்டுவிடும். ஐடிலிங்கில் வைத்து, ஒரே வீச்சில் ‘டக்’கென்று போடுவதுதான் எஞ்சினுக்கு நல்லது.

நல்ல வேகத்தில் போகும்போது கியர் துள்ளி வெளியே வந்து மறுபடி விழுகிறது என்றால் டாக் முனை உருண்டிருக்கலாம். அல்லது கேபிள் அதை முழுதாக உள்ளே தள்ளாமல் இருக்கலாம். இரண்டாவது காரணம் கவனிக்கப்படாமல் கிடந்தால் அதுவே முதல் காரணத்தை உண்டாக்கிவிடும். அரைகுறையாகக் கவ்விய டாக்தான் சீக்கிரம் தேய்கிறது. ஆகவே தேய்ந்த டாக்கை மட்டும் மாற்றி, கேபிளில் உள்ள ஆட்டத்தை விட்டுவைத்தால் புதியதும் தேயும். எனக்கு நடந்தது அதுதான்.

இன்னொரு ஏமாற்றும் நோய் உண்டு. எஞ்சின் அலறுகிறது, படகு போகவில்லை. "கியர் நழுவுகிறது" என்று எல்லோரும் சொல்வார்கள். விசிறியின் நடுவே உள்ள ரப்பர் குடம் விட்டுப்போயிருந்தாலும் இப்படியேதான் இருக்கும். குடத்திலிருந்து விசிறி உடல்வரை பெயின்டால் ஒரு நேர்கோடு போட்டு, படகை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் குற்றவாளி குடம், கியரை விட்டுவிடுங்கள். சிறிய எஞ்சின்களில் ரப்பருக்குப் பதில் ஒரு பித்தளைப் பின் இருக்கும். கல்லில் அடிபட்டால் கியரைக் காப்பாற்ற உடைவதற்கென்றே வைத்தது. அதற்குப் பதில் இரும்பு ஆணியை வெட்டிப் போடும் புத்திசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த கல்லில் கியர் உடையும்.

4. மூன்றாகப் பிரித்துச் சோதியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நெம்புகோல் உள்ள கன்ட்ரோல் பாக்ஸ், கேபிள், எஞ்சின் என மூன்று பேர் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். யார் சோம்பேறி என்று தெரிய, ஒவ்வொருவராகக் கையை விடச் சொல்ல வேண்டும்.

முதலில் பாதுகாப்பு. ஸ்பார்க் பிளக் தொப்பிகளைக் கழற்றுங்கள், பாட்டரி ஒயரை எடுங்கள், எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை உருவிவிடுங்கள். விசிறியையும் கழற்றி ஓரமாக வையுங்கள். மூடியைத் திறந்ததும் எதையும் தொடாமல் நான்கு பக்கமும் படம் எடுங்கள். நான் படம் எடுக்காமல் கழற்றிய ஒரு வாஷர் எங்கே போக வேண்டும் என்று இன்றுவரை தெரியாது.

இப்போது கியர் கேபிளை எஞ்சின் பக்கத்தில் மட்டும் கழற்றுங்கள். ஸ்பிளிட் பின்னை நேராக்கி உருவினால் முனை வெளியே வரும். ஒரு கையால் எஞ்சினின் கியர் நெம்பை நகர்த்துங்கள், மறு கையால் விசிறித் தண்டை மெல்லச் சுற்றிக்கொண்டே இருங்கள். சுற்றாமல் கியரைத் தள்ளக் கூடாது: எஞ்சின் நிற்கும்போது டாக் முனையும் கியர் முனையும் நேருக்குநேர் முட்டி நிற்கும், பலம் காட்டினால் வளைவது உள்ளே இருக்கும் கம்பி. முன், நடு, பின் என மூன்று இடத்திலும் ‘கிளிக்’ என்று உட்கார வேண்டும். நடுவில் தண்டு தாராளமாகச் சுற்றும். கியரில் எஞ்சினின் இறுக்கம் கையில் தெரியும். இங்கே எல்லாம் சரியாக இருந்தால் அடியிலுள்ள பெட்டியைத் திறக்கும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். யாராவது திறக்கச் சொன்னாலும் திறக்காதீர்கள்.

அடுத்து, எஞ்சின் முனை தொங்கும் நிலையில் பாக்ஸ் நெம்புகோலை ஆட்டிப் பாருங்கள். இறுக்கம் இருந்தால் கேபிளோ பாக்ஸோ. பாக்ஸ் பக்கத்திலும் கேபிளைக் கழற்றி மறுபடி ஆட்டுங்கள். இறுக்கம் போய்விட்டால் கேபிள்தான். போகவில்லை என்றால் பாக்ஸ்.

இறுக்கம் இல்லாமல் ஆட்டம்தான் தொல்லை என்றால் எல்லாவற்றையும் மறுபடி மாட்டிவிட்டு அளக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் நெம்புகோலை முன் கியரிலிருந்து பின் கியருக்கு நிதானமாகக் கொண்டுபோக, மற்றவர் முதலில் பாக்ஸ் பக்கத்திலும் பிறகு எஞ்சின் பக்கத்திலும் கேபிள் முனை எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். விசிறித் தண்டைச் சுற்றுவதை மறக்காதீர்கள். எங்கள் படகில் பாக்ஸ் பக்கம் 41 மி.மீ. நகர்ந்தது, எஞ்சின் பக்கம் 24 மி.மீ.தான். மீதி 17 மி.மீ. எங்கே போனது?

மச்சான் நெம்புகோலை ஆட்ட, நான் எஞ்சினுக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேபிளின் உள்கம்பி அசைவதற்கு முன் கறுப்பு வெளியுறையே ஒரு விரல்கடை அளவு முன்னும் பின்னும் போய் வந்தது. அதைப் பிடிக்க வேண்டிய கவ்வியின் பிளாஸ்டிக் வாய் தேய்ந்து அகன்றிருந்தது. வெளியுறை நிலையாக நின்றால்தான் உள்கம்பி தள்ளும். உறையும் சேர்ந்து ஓடினால் நாம் தள்ளுவது காற்றை. மிச்ச ஆட்டம் முனையில் இருந்த புஷ். மூன்று மாதமாக மூடியைத் திறந்த ஒவ்வொரு முறையும் என் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது.

நெம்புகோல் பாக்ஸ் இல்லாமல், எஞ்சினிலேயே கைப்பிடி வைத்துத் திருப்பி ஓட்டும் வகை உங்களுடையது என்றால் பாதி வேலை மிச்சம். கியர் நெம்பு எஞ்சினின் பக்கவாட்டிலேயே இருக்கும். கம்பி, புஷ், திருகுமுனை இவற்றை மட்டும் பாருங்கள். ஆக்சிலரேட்டர் சோதனை மட்டும் பகுதி 8-இல் உள்ளதுபோல.

5. புஷ்ஷும் பின்னும்: நம் ஊரின் பலம் இங்கேதான்

கம்பனி புஷ் கிடைத்தால் அதையே வாங்குங்கள், விலை பெரிதில்லை. கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பம்புக்கும் மோட்டாருக்கும் காலமெல்லாம் புஷ் கடைந்துகொண்டிருக்கும் ஊர் கோயம்புத்தூர். ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன.

ஆனால் தேய்ந்த புஷ்ஷை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். பட்டறைப் பெரியவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வட்டமாக இருக்க வேண்டிய துளை பூனைக்கண் மாதிரி நீண்டிருந்தது. "இதைப் பார்த்துக் கடைந்தால் இதே ஆட்டத்தோடுதான் கடைய முடியும் கண்ணு. இதற்குள் போகிற பின் எங்கே? அது உட்காருகிற நெம்பு எங்கே?" என்றார். மறுநாள் மூன்றையும் கொண்டுபோனேன். அவர் வெர்னியரை வைத்து, பின்னை மூன்று இடத்தில் அளந்தார். இரு முனையிலும் 6 மி.மீ., நடுவில் 5.4. நடுவில் நகத்தை வைத்துத் தடவினால் பள்ளம் தெரிந்தது. தேய்ந்த பின்னுக்குப் புதுப் புஷ் போட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது என்று சொல்லி, இரண்டு புஷ்ஷும் ஒரு ஸ்டெயின்லெஸ் பின்னும் கடைந்து 350 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

எந்தப் பொருளில் கடைவது? கேபிள் முனைக்கு நைலான் அல்லது டெல்ரின் (கடினமான ஒருவகைப் பிளாஸ்டிக்) போதும். நைலான் தண்ணீரில் கொஞ்சம் ஊதும். துளையை மிக இறுக்கமாக வைத்தால் நனைந்த பிறகு நெம்பு இறுகும். டெல்ரின் அவ்வளவு ஊதாது, நான் அதையே எடுத்தேன். பித்தளை, கன்மெட்டல் புஷ் நீண்டநாள் வரும் என்று சிலர் சொல்வார்கள். அது தேயாது, உண்மைதான். அதற்குப் பதில் அலுமினிய நெம்பு தேயும். மாற்ற எளிதானது எதுவோ அது தேயட்டும்.

ஸ்பிளிட் பின், வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ்ஸில் புதிது போடுங்கள். பழையதை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் எப்போது உடையும் என்று அதற்கே தெரியாது. கடலில் ஓடிய எஞ்சின் என்றால், அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் சேரும் இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். நம் அணையின் நல்ல தண்ணீர் பழைய உப்பைத் தானாகக் கரைத்துவிடாது. துருவை இளக்கும் ஸ்பிரே அடித்து ஓர் இரவு விட்டு, மறுநாள் கழற்றுங்கள். அவசரப்பட்டுச் சுத்தியலை எடுத்தால் அலுமினிய வார்ப்பு உடையும். அது லேத்தில் கடையக் கிடைக்காது.

6. கேபிள்: எண்ணெய் விட்டு ஏமாறாதீர்கள்

இறுகிப்போன கேபிளுக்குச் சைக்கிள் பிரேக் ஒயர்போல எண்ணெய் விட்டுப் பார்ப்பது நம் வழக்கம். இந்தக் கேபிளுக்குள் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. எண்ணெய் விட்டால் இரண்டு நாள் இளகும், பிறகு அழுக்கைச் சேர்த்துக்கொண்டு முன்னைவிட இறுகும். முனையில் வெளியே தெரியும் கம்பியைத் துடைத்து மெல்லிய கிரீஸ் தடவலாம், அவ்வளவுதான். வெளியுறையில் வெடிப்போ, உள்ளே துருவோ, ஒரே இடத்தில் மடிந்த தடமோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

நீளம் அளக்க ஒரு கயிறு போதும். பாக்ஸில் தொடங்கி, படகின் விளிம்போரமாகப் போய், பின்பலகையில் திரும்பி, எஞ்சினின் நடுவரை கயிற்றை ஓட்டி அளந்து, அதோடு நான்கு அடி சேருங்கள். எஞ்சின் இடம் வலம் திரும்பவும் மேலே தூக்கவும் அந்தச் சுற்று வேண்டும். நான் சேர்க்க மறந்ததால்தான் முதல் கேபிள் திரும்பிப் போனது. போக்குவரத்துச் செலவு 280 ரூபாய் என் தலையில். எங்கும் எட்டு அங்குல ஆரத்துக்குக் குறைவாக வளைக்காதீர்கள்.

33சி என்று கடைக்காரர்கள் சொல்லும் பொதுவகைக் கேபிள் பல எஞ்சின்களுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. முனைத்திருகின் படத்தையும் மாடல் எண்ணையும் அனுப்பிவிட்டுப் பணம் கட்டுங்கள். எனக்கு 14 அடிக் கேபிள் 3,200 ரூபாய் ஆனது. கியர் கேபிளை மாற்றினால் அதே வயதுடைய ஆக்சிலரேட்டர் கேபிளையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். சோதனையில் அது நன்றாக இருந்தால் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. நான் விட்டேன், இன்னும் ஓடுகிறது.

7. கன்ட்ரோல் பாக்ஸ்

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெம்புகோல் நியூட்ரலில் தெளிவாக உட்காரவில்லை என்றால் உள்ளே உருளையும் ஸ்பிரிங்கும் காய்ந்து கிடக்கும். திறந்து துடைத்துக் கடல்சார் கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். திறக்கும்போது ஸ்பிரிங் பறக்கும், வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் திறவுங்கள்.

பழைய பாக்ஸ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு நிறுவனத்தின் பாக்ஸை வாங்காதீர்கள். சில எஞ்சின்களில் கேபிள் தள்ளினால் முன் கியர், சிலவற்றில் இழுத்தால் முன் கியர். ஆக்சிலரேட்டருக்கும் அப்படியே. தள்ளும் தூரமும் மாறும். முன்னே தள்ளினால் பின்னே போகும் படகை அணை நடுவில் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

8. ஆக்சிலரேட்டர்

பாக்ஸிலோ கைப்பிடியிலோ உராய்வைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். கையை எடுத்தாலும் வேகம் குறையாமல் நிற்கவே அது. தேய்மானத்தை மறைக்கப் பலர் அதை இறுக்கிவைத்திருப்பார்கள். முதல் வேலையாக அதை முழுதும் தளர்த்திவிட்டுச் சோதியுங்கள்.

கேபிளை எஞ்சின் பக்கம் கழற்றிவிட்டு ஆக்சிலரேட்டர் நெம்பைக் கையால் முழுதும் திறந்து, கையை எடுத்துவிடுங்கள். தங்குதடையின்றி ஐடிலிங் நிறுத்தத்துக்கு வந்து முட்ட வேண்டும். நடுவில் எங்காவது தயங்கினால் அங்கே துரு, அல்லது கார்புரேட்டரைத் திறக்கும் கேமும் அதன்மேல் ஓடும் சின்னப் பிளாஸ்டிக் உருளையும் தேய்ந்திருக்கும். அந்த உருளை ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் எஞ்சின் குறைந்த வேகத்தில் திக்கித்திக்கி ஓடும். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவியே நாள் போகும், குறை போகாது.

பெரும்பாலான இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் இந்த நெம்பு தீப்பொறி விழும் நேரத்தையும் சேர்த்து நகர்த்துகிறது. பொறி முன்னேறுவதும் கார்புரேட்டர் திறப்பதும் கைகோத்து நடக்க வேண்டும். அவற்றுக்கிடையே உள்ள கம்பியின் நீளத்தைக் கண்ணளவில் மாற்றாதீர்கள். உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அளவு இல்லாமல் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

9. பூட்டும் வரிசை: கியர் முதலில், ஆக்சிலரேட்டர் பிறகு

எஞ்சினின் கியர் நெம்பை நடுவிலிருந்து முன் பக்கம் மெல்ல நகர்த்தி, விசிறித் தண்டு பிடிக்கத் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பின் பக்கமும் அதேபோல. இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ளதே உண்மையான நியூட்ரல். நெம்பை அங்கே வையுங்கள், பாக்ஸ் நெம்புகோலையும் நியூட்ரலில் வையுங்கள். கேபிள் முனையைத் திருகித் திருகி, கொஞ்சமும் இழுக்காமல் தள்ளாமல் பின் தானாக உள்ளே விழும் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். திருகுமுனை கம்பியில் குறைந்தது 8 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் கேபிள் நீளம் தவறு. இழுத்துச் சமாளிக்காதீர்கள், ஓட்டத்தில் கழன்று வரும். லாக் நட்டை இறுக்க மறக்க வேண்டாம்.

முன்னும் பின்னும் போட்டுப் பாருங்கள். நெம்புகோல் இரு பக்கமும் ஒரே தூரத்தில் கியரைப் பிடிக்க வேண்டும்.

பிறகு ஆக்சிலரேட்டர் கேபிள். நெம்புகோல் கியரைப் பிடித்து நிற்கும் இடத்தில் எஞ்சின் பக்கத்து நெம்பு இன்னும் ஐடிலிங் நிறுத்தத்தில் முட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கியர் முழுதாக விழுமுன் வேகம் கூடத் தொடங்கினால் டாக்குக்கு ஆயுசு குறைவு. நெம்புகோலைக் கடைசிவரை தள்ளினால் கார்புரேட்டர் தகடு முழுதும் திறந்து படுக்க வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காமல் நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டால் முதலாவதை விட்டுக்கொடுக்காதீர்கள். உச்ச வேகம் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை.

கியர் போட்டிருக்கும்போது எஞ்சின் கிளம்பாமல் தடுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கும். பாக்ஸில் அது ஒரு சுவிட்ச். கேபிளைச் சரிசெய்த பிறகு நியூட்ரலிலேயே எஞ்சின் கிளம்பவில்லை என்றால் பாட்டரியைக் குறை சொல்லுமுன் இந்தச் சுவிட்ச் அழுந்துகிறதா என்று பாருங்கள். "தொல்லை" என்று அதை ஒயரால் இணைத்துவிடுபவர்கள் உண்டு. எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தவுடன் படகு பாய்ந்து ஆள் தண்ணீரில் விழுவது அப்படித்தான்.

10. கியர் பெட்டியை எப்போது திறப்பது

மேலே எல்லாம் சரியாகியும் வேகத்தில் கியர் துள்ளினால் மட்டும். அதற்கு முன்பும் ஒரு படி இருக்கிறது: அடித்திருகைக் கழற்றிக் கியர் எண்ணெயை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். பாலூற்றிய காப்பி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். விரலில் தடவி வெயிலில் காட்டினால் ஜிகினா மின்னுகிறதா? இரும்புத் துகள். அப்போது திறக்கத்தான் வேண்டும். திருகின் நுனியில் லேசான கறுப்புப் பசை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம்.

எண்ணெய் நிரப்பும்போது கீழ்த்துளை வழியாகவே ஏற்ற வேண்டும். மேல்துளையில் குமிழியில்லாமல் வழியத் தொடங்கியதும் முதலில் மேல்திருகைப் பூட்டி, பிறகு கீழ்த்திருகு. இரண்டுக்கும் புது வாஷர். பெட்டியை இறக்கினால் நீர் இறைக்கும் ரப்பர் சக்கரத்தையும் கையோடு மாற்றிவிடுங்கள், அதற்காக இன்னொரு முறை இறக்கக் கூடாது.

11. தண்ணீரில் இறக்குமுன்

இருநூறு லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் நீர்த் துளைகள் மூழ்கும் அளவுக்கு இறக்கி, விசிறி இல்லாமல் கிளப்புங்கள். தண்ணீரின்றி அரை நிமிடம்கூட ஓட்டாதீர்கள். ரப்பர் சக்கரம் கருகிவிடும். ஐடிலிங்கில் முன், நடு, பின் என இருபது முறை மாற்றுங்கள். பிறகு விசிறியைப் பூட்டி, கரையில் இடுப்பளவு தண்ணீரில், முன்னும் பின்னும் இரண்டு கயிற்றால் படகைக் கட்டிவைத்து மறுபடி இருபது முறை. ஐடிலிங் அளவைக் கியரில் போட்டு வைத்தே கடைசியாகச் சரிசெய்யுங்கள். நியூட்ரலில் பார்த்து வைத்தால் கியர் போட்டதும் எஞ்சின் அணையும், அணையாமலிருக்க வேகத்தைக் கூட்டுவீர்கள், மறுபடி பல் கடிக்கும்.

முதல் ஓட்டத்தில் கரைக்கு வரும்போது ஐம்பது அடிக்கு முன்பே நியூட்ரல் போட்டு, விசிறி நின்றுவிட்டதா என்று பின்னால் திரும்பிப் பாருங்கள். நின்ற பிறகு ரிவர்ஸ். சிவப்புக் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும். அன்று அது என் மணிக்கட்டில் இருந்திருந்தால், உருவி எஞ்சினை நிறுத்தியிருப்பேன்.

எங்கள் படகுப் பெட்டியில் இப்போது நான்கு ஸ்பிளிட் பின், கடைந்த புஷ் ஒன்று, கவ்வி ஒன்று, 10 எண் ஸ்பேனர், இடுக்கி, ஒரு ஜோடித் துடுப்பு. துடுப்பைப் பெட்டியோடு கட்டிவைத்தேன். மச்சான் அதை அவிழ்த்துத் தன் காலடியில் போட்டுக்கொண்டுதான் ஏறி உட்காருகிறார்.